டெல்ஃபின் விற்ற ஊதா பேட்டரி

டெல்ஃபினை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது. எங்கள் பக்கோர் ஊர் பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவன் அவன். நன்றாகத்தான் அடிப்பான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கும் எனக்கும் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் அவன் பேண்டில் வேப், அதாவது மின்சிகரெட், பிடிக்கிற பயல்களுக்கெல்லாம் பேட்டரி விற்றுக்கொண்டிருந்தான்.

என் தம்பி லித்தோ அதே பேண்டில் டிரம்பெட் ஊதுகிறான். இரும்பு கேட்டுக்கு வெல்டிங் வைக்கிற வேலையும் உண்டு, ஆனால் மே மாதம் வந்துவிட்டால் கேட்டாவது கதவாவது. ஊர் ஊராகத் திருவிழா, பவனிக்குப் பவனி. அவன் வீட்டில் பாதிச் சோறு அவன் உதட்டிலிருந்துதான் வருகிறது. டிரம்பெட்காரனுக்கு மேலுதடும் இரண்டு முன்பல்லும்தான் சொத்து. பெர்னிங் என்று ஒருவர் இருக்கிறார், ஒரு காலத்தில் இந்த மாகாணத்திலேயே பெரிய ஊத்துக்காரர். பைக்கிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் போயிற்று. இப்போது பேண்டுக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டு நடக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் லித்தோ நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

அப்பேர்ப்பட்டவன் சிகரெட்டை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தான். பவனி பாதி வழி போவதற்குள் மூச்சு வாங்கும். "அடுத்த வருஷம் உனக்கு மூச்சு இருந்தா பார்க்கலாம்" என்று பேண்ட் மாஸ்டர் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டார். நான் மீன் மார்க்கெட் ஓரத்தில் சின்னதாக வேப் கடை வைத்திருக்கிறேன். பஞ்சு, காயில், திரவப் புட்டி, இவ்வளவுதான் வியாபாரம். நான்தான் அவன் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கிவிட்டு ஒரு வேப்பைக் கொடுத்தேன். இது ஒன்றும் அமிர்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மூச்சு திரும்பியது.

நான் கொடுத்தது பெட்டி மாதிரி ஒன்று. உள்ளே மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கும். காயில் என்பது சூடேறுகிற கம்பிச் சுருள்தான், அதற்கு ஓம் என்று ஒரு கணக்கு. ஓம் குறையக் குறைய அது பேட்டரியிலிருந்து அதிகமாக உறிஞ்சும், புகை அதிகமாக வரும். அளவுக்கு மீறிக் குறைந்தால் அந்தப் பெட்டி, முடியாது போ என்று அணைந்துவிடும். லித்தோவுக்கு பாயிண்ட் ஆறு ஓம்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். அவனுக்கு அது போதும்.

போதும் என்று பேண்டுக்காரன்கள் விட்டால்தானே. அவர்களிடம் ஒரு வழக்கம். பவனி கிளம்புவதற்கு முன்னால் கோயில் மரத்தடியில் எல்லாரும் சீருடையோடு காத்திருப்பார்கள். டெல்ஃபின் பெரிய டிரம்மைப் படுக்கப் போட்டு அதன் மேல் ஓம் மீட்டரை வைப்பான். ஒவ்வொருத்தனும் தன் வேப்பின் தலையைக் கழற்றி அதில் சொருக வேண்டும், டெல்ஃபின் நம்பரை உரக்கப் படிப்பான். யாருடைய ஓம் எல்லாரையும்விட அதிகமோ அவன்தான் அத்தனை பேருக்கும் ஜெல்லி மிதக்கிற குலாமான் சர்பத் வாங்கித் தர வேண்டும். யாருடையது குறைவோ அவன் பெரிய ஆம்பளை. ஓம் குறைந்தால் மீசை முளைக்கும் என்று நினைப்பு. ஒவ்வொரு திருவிழாவிலும் சர்பத் வாங்கியது என் தம்பிதான். அவனுக்குப் பால்குடி என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவன் மகளையே யாரோ "பால்குடி பொண்ணு" என்று கூப்பிட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

எங்கள் ஊர்த் திருவிழா அன்று காலையில் லித்தோ கடைக்கு வந்தான். சீருடைச் சட்டைக்குப் பொத்தான்கூடச் சரியாகப் போடவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை எடுத்து மேஜை மேல் வைத்தான். பளபளவென்று அவனுடைய டிரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு அக்கா?"

"அழகாத்தான் இருக்கு. உள்ளே சில்லு இருக்கா?"

"இதுக்கு எதுக்கு சில்லு? பேட்டரி, பட்டன், காயில். அவ்வளவுதான். அமுக்குனா நேரா வரும்."

"நேரா உன் வாய்க்குத்தான் வரும். யாரு குடுத்தது?"

"குடுத்தாங்களா? காசு குடுத்து வாங்கினேன். டெல்ஃபின்கிட்ட."

அப்போதே அவனைத் திட்ட வாயெடுத்தேன். இருந்தாலும் திருவிழா நாளாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். காயில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"பாயிண்ட் மூணு. நீதானே சொன்ன, பாயிண்ட் மூணு வரைக்கும் பயமில்லைன்னு? உன் பேச்சைத்தான் கேட்டிருக்கேன்."

குழாயின் தலையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு காயில் உட்கார்ந்திருந்தது. அவனுடைய பழைய பெட்டியில் ஒரே ஒரு காயிலுக்குத்தான் இடம். இதில் இரண்டுக்கு இடம் இருந்ததால், எங்கேயோ ஒரு கடையில் பாயிண்ட் மூணு என்று போட்ட பாக்கெட்டை வாங்கி இரண்டையும் மாட்டிவிட்டான்.

"ரெண்டு போட்டிருக்கியேடா."

"ரெண்டும் பாயிண்ட் மூணுதான்."

"ரெண்டு சேர்ந்தா பாயிண்ட் மூணு இல்லடா. பாதி."

"அது எப்படிப் பாதியாகும்? ரெண்டு சேர்ந்தா அதிகமாத்தானே ஆகும்? ரெண்டு மூட்டை அரிசி சேர்ந்தா ஒரு மூட்டை ஆயிருமா?"

"இது அரிசி இல்ல. கோயில் வாசல்னு வச்சுக்க. ஒரு வாசல் திறந்தா கூட்டம் நெருக்கியடிச்சு மெல்லப் போகும். பக்கத்துலயே இன்னொரு வாசலைத் திறந்துட்டா? நெருக்கம் பாதியாயிரும், ரெண்டு பங்கு கூட்டம் வெளியே ஓடும். ஓம்ங்கறது அந்த நெருக்கம்தான். அவ்வளவு கூட்டத்தையும் வெளியே தள்ளுறது யாரு? உன் பேட்டரி."

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று என் கடை மீட்டரில் சொருகிக் காட்டினேன். பாயிண்ட் ஒன்று ஐந்து என்று காட்டியது. லித்தோ மீட்டரைப் பார்த்தான், பாக்கெட்டைப் பார்த்தான். பிறகு மீட்டரை எடுத்து மேஜையில் இரண்டு தட்டு தட்டினான்.

"மீட்டர் போச்சு உனக்கு. பாக்கெட்டுல தெளிவா அச்சடிச்சிருக்கான் பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். அச்சடித்த பாக்கெட் சத்தியவாக்கு, அளந்து சொல்கிற மீட்டர் பொய்க்காரன். இந்த ஊர் ஆண்பிள்ளைகளுக்கு அட்டையில் அச்சாகிவிட்டால் வேதம்.

"பேட்டரியை எடு பார்ப்போம்" என்றேன்.

எடுத்தான். ஊதா நிற உறை. அதில் நாற்பது ஆம்பியர் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. நான் சிரித்தேன், சந்தோஷத்தில் இல்லை. இந்த அளவு பேட்டரியில் நாற்பது ஆம்பியரை விடாமல் தருகிறதை நான் என் கடையில் பார்த்ததே இல்லை. நம்பி விற்கிற நல்ல பேட்டரியே இருபதுதான் தாங்கும். லித்தோவின் இரண்டு காயிலும் சேர்ந்து இருபத்தெட்டு இழுக்கும். நல்ல பேட்டரிக்கே அது ஆகாது. இந்த ஊதாவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும். தாங்காமல் போனால் சூடேறும், சீறும், வெடிக்கும். வெடித்தது அந்தக் குழாயை விட்டு வெளியேற இரண்டே வழிதான். ஒரு முனையில் உள்ளங்கை, மறுமுனையில் வாய்.

"லித்தோ, ஒரு காயிலைக் கழற்று. பேட்டரியை நான் மாத்தித் தர்றேன். அப்புறம் எங்க வேணா போய் ஊது."

"ஒண்ணைக் கழற்றினா பாயிண்ட் மூணு ஆயிருமே. டெல்ஃபின் பாயிண்ட் ஒண்ணு. மத்தவன் எல்லாம் பாயிண்ட் ஒண்ணு ரெண்டு, ஒண்ணு அஞ்சுன்னு நிக்கிறான். இன்னைக்கும் நான்தான் சர்பத் வாங்கணுமா?"

"ஓ. அப்ப மீட்டர் கெட்டுப் போகலை. உனக்குத் தெரிஞ்சேதான் வச்சிருக்க."

அவன் மீட்டரை என் பக்கம் தள்ளினான். பிறகு குழாயைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான்.

"எல்லாரும் வச்சிருக்கான். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. உனக்கு மட்டும்தான் எப்பப் பாரு சாவு நினைப்பு."

"சாவைச் சொல்லலடா. பல்லைச் சொல்றேன். பெர்னிங்குக்கு ரெண்டாவது கொடி ஒண்ணு தைக்கச் சொல்லட்டுமா?"

அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்று பட்டது. ஆனால் போய்விட்டான். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓட முடியாது. பக்கத்து மீன்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். வெளியே அடுக்கியிருந்த புட்டிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மீட்டரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் தோரணம், பன்றி வறுக்கிற வாசனை, குளித்துப் பவுடர் போட்ட குழந்தைகள். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

மரத்தடிக்குப் போனபோது அவர்களின் கூத்து ஆரம்பமாகிவிட்டது. டிரம் படுத்திருந்தது, மேலே மீட்டர். சுற்றிலும் வெள்ளைக் காற்சட்டையும் சிவப்புச் சட்டையும் போட்ட தடியன்கள். லித்தோவின் குழாய்த் தலை மீட்டரில் இருந்தது.

"பாயிண்ட் ஒண்ணு அஞ்சு" என்று டெல்ஃபின் கத்தினான். "பால்குடிக்குப் பல் முளைச்சிருச்சுடா."

எல்லாரும் கைதட்டினார்கள். என் தம்பி சிரித்த சிரிப்பைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக இவன் வாயைப் பந்தயம் வைத்திருக்கிறான் என்று நினைத்ததும் அழுகை போய்க் கோபம்தான் மிஞ்சியது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"டெல்ஃபின், இந்த ஊதா பேட்டரி எங்கிருந்து வருது?"

"வாங்க பெர்லாக்கா. திருவிழா வாழ்த்துக்கள். சரக்கு வேணுமா? உங்க கடைக்குன்னா விலை குறைச்சுத் தர்றேன்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். வெண்ணெய் உருகும் அந்த வாயில்.

"எங்கிருந்து வருதுன்னு கேட்டேன்."

"கப்பல்ல வருது. எங்க மச்சான் கப்பல்ல இருக்கான்ல."

"நாப்பது ஆம்பியர்னு யார் அளந்தது? உங்க மச்சானா?"

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். லித்தோவுக்கு முகம் சிவந்தது. "அக்கா, வீட்டுக்குப் போ" என்று பல்லுக்கு நடுவில் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை.

"பெர்லாக்காவுக்கு வியாபாரம் டல்லு" என்றான் டெல்ஃபின். "எல்லாரும் என்கிட்ட வாங்குறாங்கல்ல, அந்த வயித்தெரிச்சல்."

இப்போது எல்லாருமே சிரித்தார்கள். என் சொந்த ஊர்ப் பயல்கள், நான் பார்த்து வளர்ந்தவர்கள். சிலருக்கு முதல் வேப்பில் பஞ்சு மாட்டிக் கொடுத்ததே நான்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டெல்ஃபினுடைய குழாய் டிரம் ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்து அடியைத் திருகினேன். உள்ளேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்த பேட்டரி ஊதா இல்லை. பச்சை. என் கடையில் நான் விற்கிற அதே நல்ல சரக்கு. அவன் பாயிண்ட் ஒன்றுக்கு அதுவே தாங்காது, ஆனாலும் ஊதாவைவிட மேல் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதைத் தூக்கிப் பிடித்தேன். "இவன் விக்கிறது ஊதா. இவன் வாயில வைக்கிறது பச்சை. பார்த்துக்கங்க."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. டெல்ஃபின் விடவில்லை. ஊதா எல்லாம் விற்றுப் போய்விட்டது, தனக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை, அவ்வளவு கிராக்கி என்றான். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு என்று நினைத்தேன். லித்தோவின் கையிலிருந்து பித்தளைக் குழாயை வாங்கி, மீட்டரில் இருந்த தலையைத் திருகி மாட்டினேன். ஊதா பேட்டரி உள்ளேயே இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் அதை டெல்ஃபினிடம் நீட்டினேன்.

"இந்தா. நீ வித்த குழாய், நீ வித்த பேட்டரி, உங்க பந்தயத்து நம்பர். ஒரே ஒரு இழுப்பு. நீ இழுத்துட்டா நான் உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

"அடுத்தவன் எச்சிலை நான் எதுக்கு வாயில வைக்கணும்?"

நான் கைக்குட்டையால் வாய்ப்பகுதியைத் துடைத்தேன். "இப்ப எச்சில் இல்ல."

"மாஸ்டர் கூப்பிடுற நேரமாச்சு."

"ஒரு இழுப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"பொம்பளை சொல்லி நான் எதுக்குக் குடிக்கணும்?" என்றான். ஒருத்தனும் சிரிக்கவில்லை. டிரம் குச்சியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

அப்போது லித்தோ என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினான். அவமானத்தில் அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. டெல்ஃபின் மேல் கோபமா என் மேல் கோபமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"போதும். நிறுத்துங்க ரெண்டு பேரும். நானே இழுக்குறேன், இதோட இந்தப் பேச்சு முடியட்டும்."

உதட்டில் வைத்துவிட்டான். கட்டைவிரல் பட்டனுக்குப் போனது. இத்தனை நேரம் கத்திய என் வாய், வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது.

கத்தியது டெல்ஃபின்.

"அமுக்காதடா." குச்சி இரண்டும் கீழே விழ, எட்டி லித்தோவின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினான். "லித்தோ, வேண்டாம். அமுக்காத."

ஒவ்வொருத்தனும் தன் கையில் இருந்த குழாயைப் பார்த்தான்.

"ஏன்?" என்று லித்தோ கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான்.

"இல்ல... வெயில்ல கிடந்துச்சு. சூடாயிருக்கும். அதான்."

லித்தோ அடியைத் திருகிப் பேட்டரியைக் கையில் எடுத்தான். ஊதா உறையின் விளிம்பை நகத்தால் மெல்லக் கிளப்பினான். பார்த்துச் செய்யடா என்றேன். உறை சுருண்டு வந்தது. அடித்தகட்டின் ஓரத்தில், அரத்தால் தேய்த்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு சின்னப் புள்ளித் தழும்பு இருந்தது. வெல்டிங் வைக்கிறவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். எங்கோ தகடு வைத்துப் பற்றவைத்திருந்ததைப் பிய்த்து எடுத்த தழும்பு.

"கப்பல்ல வந்ததுன்னு சொன்ன. இது ஏதோ பழைய லேப்டாப் வயித்துல இருந்து பிய்ச்சதுடா."

"ஓடுதுல்ல" என்றான் டெல்ஃபின். "இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"ஆகிறதுக்கு முன்னாடி என் கையை ஏன் பிடிச்ச?"

டெல்ஃபின் குனிந்து குச்சிகளைப் பொறுக்கினான். அவனும் ஒரு மனிதன்தான், கண்ணெதிரே ஒருத்தன் வாய் சிதறப் போவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை என்று அப்புறம் சிலர் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். எனக்கு அந்த நியாயம் புரியவே இல்லை. கண்ணுக்கு முன்னால் கூடாது, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைக்கு நடுவில் உட்கார்ந்து இழுக்கும்போது சிதறினால் பரவாயில்லையா? விற்கும்போது நடுங்காத கை, அங்கே மட்டும் நடுங்கியதற்கு நான் மாலை போட வேண்டுமா?

ஒவ்வொருத்தனாகக் குழாயின் அடியைத் திருகினான். ஊதா, ஊதா, ஊதா. குலாமான் விற்கிறவளிடம் பிளாஸ்டிக் கோப்பைகள் வாங்கி, ஒன்றோடொன்று உரசாமல் ஒரு கோப்பைக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். அவளுக்கு நடந்தது ஒன்றும் புரியவில்லை. சர்பத்துக்குக் காசு இன்றைக்கு யார் என்று கேட்டாள். பேண்ட் மாஸ்டர் விசில் ஊதினார்.

வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் லித்தோ என் பக்கம் வந்தான்.

"இத்தனை பேர் முன்னாடி வந்து கத்தணுமாக்கா? தனியாக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா?"

"காலைல தனியாத்தானே சொன்னேன். மீட்டர் பொய்னு சொன்னியே."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். இனி உன்னோடு பேச்சில்லை என்கிற பார்வை. டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டெல்ஃபினை யாரும் பேண்டிலிருந்து துரத்தவில்லை. பெரிய டிரம் இல்லாமல் பவனி எப்படி நடக்கும்? அன்றைக்கும் அவன்தான் அடித்தான், கூலியும் வாங்கிக்கொண்டு போனான். இப்போது பக்கத்து ஊர்ப் பயல்களுக்கு விற்கிறானாம், உறை நிறத்தை மட்டும் மாற்றிவிட்டானாம். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே அந்த ஊர் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். பக்கோர் சண்டைக்காரி என்று அங்கேயும் பெயர் வாங்கியாயிற்று.

அன்றைக்குப் பவனி கிளம்பியது. புனிதரின் சுரூபம் பூவோடு ஆடி ஆடி முன்னால் போக, பின்னால் பேண்ட். நான் கோப்பைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஓரமாகவே நடந்தேன். எங்கள் தெரு முனையில் பவனி மெட்டில் டிரம்பெட் மட்டும் தனியாக மேலே ஏற வேண்டிய இடம் வரும். அந்த இடத்தில்தான் போன வருஷம் லித்தோவுக்கு மூச்சு நின்றது. இந்த முறை ஏறினான். ஏறி, அங்கேயே நின்று, பிசிறில்லாமல் ஊதினான். என் பக்கம் திரும்பவே இல்லை. மாதக் கணக்கில் என்னோடு பேசவும் இல்லை. பேசாவிட்டால் போகட்டும், ஊரெல்லாம் போய் என்னைத் திட்டித் தீர்க்கட்டும். திட்டுவதற்கு அவனுக்கு வாய் இருக்கிறது.